அடிபம்புக்குச் சாட்சி சொன்ன முடி

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது எல்லோரும் செய்கிற காரியம். நான் பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பதினெட்டு வருஷமாக இந்தத் தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வீடு, அத்தனை வீட்டு ஆண்களின் பின்கழுத்தும் எனக்கு மனப்பாடம். யாருக்கு இரட்டைச் சுழி, யாருக்கு மச்சம், யார் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், எல்லாவற்றையும் கழுத்து சொல்லிவிடும்.

அப்படிப்பட்டவன் மேல்தான் பழி வந்து விழுந்தது. மூன்று வருஷமாக என் வாடிக்கையாளர்களின் கழுத்தில் புள்ளிகள் வர ஆரம்பித்திருந்தன. புழுதித் தரையில் தூறல் விழுந்த மாதிரி, கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் என் கைக்கண்ணாடியைப் பிடுங்கித் தன் பிடரியைப் பார்த்துவிட்டு, "உன் சோப்புதான்யா இதுக்குக் காரணம்" என்று கடை அதிரக் கத்தினார். சோப்பை மாற்றினேன். பவுடரை மாற்றினேன். துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினேன். புள்ளிகள் போகவில்லை, வாடிக்கையாளர்கள்தான் ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அந்த மூன்று வருஷமும் அது அங்கேயே குடியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெயின்ட்டம்மா எங்கள் தெருவுக்குள் வந்தார். தண்ணீர் ஆய்வகத்தில் வேலை. ஒரு ஸ்கூட்டர், அதன் முன்னால் ஒரு மரப்பெட்டி, பின்னால் சிவப்பு பெயின்ட் ஒரு டப்பா, பச்சை பெயின்ட் ஒரு டப்பா. நல்ல தண்ணீர் வரும் அடிபம்புக்குப் பச்சை அடிப்பார், ஆகாத தண்ணீருக்குச் சிவப்பு. பெயர் வைப்பதில் எங்கள் தெருவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் வந்த அன்றைக்கே அவர் பெயின்ட்டம்மா ஆகிவிட்டார்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு அடிபம்பு. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும்தான் ஆகும். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அடிபம்புதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெருச் சங்கத் தலைவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, துளை போட வந்தவர்களுக்குக் குடை பிடித்து நின்று கொண்டுவந்த தண்ணீர் அது. அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, என் மச்சான். என் மனைவியின் ஒரே அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "தெருவைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு" என்பார்.

பெயின்ட்டம்மா ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து, இரண்டு பொடிகளைக் கலந்து, மூடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தபோது தாள் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

"இதுல ஆர்சனிக் இருக்குங்க. பூமிக்குள்ள மண்ணுலயிருந்து கரைஞ்சு வர்ற விஷம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்தி இன்னும் கெட்டியாத்தான் ஆகும். வருஷக்கணக்கா குடிச்சா தோல்ல புள்ளி வரும், உள்ளங்கை காய்ச்சுப்போகும். விட்டா நரம்பு, ஈரல், புற்றுநோய் வரைக்கும் போகும். வயித்துல குழந்தை இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் சோப்பு நிரபராதி என்கிற சந்தோஷம். தையல்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அடுத்த நொடியில் வீட்டுக் குடம் ஞாபகத்துக்கு வந்தது. என் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த ஆறாவது மாதம்.

பெயின்ட்டம்மா பம்புக்குச் சிவப்பு அடித்துவிட்டுப் போனார். அவர் ஸ்கூட்டர் முனை திரும்புவதற்குள் மச்சான் பச்சை டப்பாவோடு வந்து அதன் மேலேயே அடித்தார். மறுநாள் சிவப்பு. மாலையில் பச்சை. ஒரு வாரத்தில் பம்பின் கைப்பிடி இரண்டு விரல் தடிமன் ஏறிவிட்டது.

நானூறு அடி நடந்தால் அடுத்த தெருவில் ஒரு பம்பு இருக்கிறது, அதற்குப் பெயின்ட்டம்மா பச்சைதான் அடித்திருந்தார். ஆனால் அடுத்த தெருவுக்கும் எங்களுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்பது இரண்டு பக்கத்திலும் யாருக்கும் ஞாபகமில்லை, அதனால் சமாதானம் செய்துகொள்ளவும் வழியில்லை. "அங்க போய்க் குடம் தூக்கிட்டு நிக்கணுமா? அந்தத் தண்ணியை வாயில வைக்க முடியுமா?" என்று தையல்காரர் கேட்டார். தெருவே தலையாட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயின்ட்டம்மா நியாயம் கேட்க என் கடைக்கே வந்துவிட்டார். கூட்டம் நாற்காலிகளை நிறைத்து வாசல் வரை நின்றது. மச்சான் நடுவில் நின்று நெஞ்சைத் தட்டினார்.

"பேப்பர் சொல்றதை நான் நம்ப மாட்டேன் மேடம். உடம்பு சொல்லணும். இந்தத் தண்ணியை என்னைவிட அதிகமா குடிச்சவன் இந்தத் தெருவுல எவன் இருக்கான்? என் உடம்பைச் சோதிங்க. ரத்தம் வேணுமா, எடுத்துக்கோங்க. எச்சில் வேணுமா, இப்பவே துப்புறேன். என் உடம்புல விஷம் இருந்தா அந்தப் பம்பை நானே பிடுங்கிப் போடுறேன். இல்லேன்னா நீங்க டப்பாவைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது."

"ரத்தமெல்லாம் வேண்டாம் தலைவரே. அது ரெண்டு மூணு நாள் கதையைத்தான் சொல்லும்," என்றார் பெயின்ட்டம்மா. "முடி குடுங்க. உள்ள போன ஆர்சனிக் முடியில போய் உக்காந்துக்கும். ஒரு சென்டிமீட்டர் முடி ஒரு மாசத்துக் கதையைச் சொல்லும். பிடரியில, வேரை ஒட்டி ஒரு சிட்டிகை போதும். சலூன்காரர் பக்கத்துலதானே நிக்கிறார்."

கூட்டம் கைதட்டியது. மச்சானின் கை மட்டும் மெல்ல மேலே போய்த் தலையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

இப்போது ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். மச்சானின் தலையில் அவருக்குச் சொந்தமான முடி என்று ஒன்றுகூட இல்லை. உச்சி முழுக்க வழுக்கை. ஓரத்தில் இருந்ததையும் டோப்பா பொருத்தமாக உட்கார வேண்டும் என்பதற்காக நான் வழித்துவிடுவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடை விடுமுறை நாளில், ஷட்டரை இறக்கிவிட்டு இந்த வேலை நடக்கும். எட்டு வருஷமாக நடக்கிறது. தங்கைக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று என் சவரக்கத்தியின் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். அன்றைக்கு அவர் வைத்திருந்தது புத்தம் புது டோப்பா. எங்கேயோ யாரோ நல்ல தண்ணீர் குடித்து வளர்த்த முடி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தலைவரும் இல்லை, மச்சானும் இல்லை, பள்ளிக்கூடத்தில் கால்சட்டை கிழிந்த பையன் இருந்தான். நான் என்ன செய்வேன்? சீப்பால் பின்பக்கத்தைத் தூக்கி, கத்தரியை உள்ளே விட்டு, வேரை ஒட்டி வெட்டுவது போல் ஒரு சிட்டிகை வெட்டி உறையில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான முடிவெட்டு அதுதான்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. முடியில் ஆர்சனிக் கொஞ்சமும் இல்லை. தெரு அன்றைக்குப் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். தையல்காரர் மிச்சத் துணிகளைத் தைத்துத் தோரணம் கட்டினார். மூலை வீட்டில் ஒரு பெண், இரட்டைக் குழந்தை பெற்று நாலு மாதம் ஆனவள், இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வந்து, "தலைவரே, இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பொய் இல்லை. தன் தண்ணீர் சுத்தம் என்று அந்த மனுஷன் உண்மையாகவே நம்பினார். முடி மட்டும்தான் பொய், தண்ணீர் நிஜம் என்பது அவர் கணக்கு.

மறுநாள் பெயின்ட்டம்மா கடைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒருத்தர் தலையில முடி எல்லாம் ஒரே பக்கமாத்தான் முளைக்கும். நீங்க குடுத்ததை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன். பாதி முடி தலைகீழா இருக்கு. வேர் இருக்க வேண்டிய இடத்துல நுனி. தரையில பெருக்கினதை அள்ளிப் போட்டுட்டீங்க, இல்லையா?"

பதினெட்டு வருஷத் தொழிலில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. டோப்பா கட்டுகிறவர்கள் வேர் எது, நுனி எது என்று பார்த்தா முடியைக் கோக்கிறார்கள்? நாக்கு நுனி வரை உண்மை வந்தது. கத்தி மேஜையில் இருந்தது. அதைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். "உங்க மனைவியும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் போனார். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக அவர் என்னை அறைந்திருந்தால் தேவலை.

என் மனைவியிடம் பேசிப் பார்த்தேன். "எங்க அண்ணன் கொண்டுவந்த தண்ணி. அதுக்கு இருக்கிற ருசி எந்தத் தண்ணிக்கு வரும்?" என்றாள். அவளிடம் அண்ணனைப் பற்றி வாதாடி ஜெயித்தவன் இந்த உலகத்தில் இல்லை. அதனால் நான் திருடனானேன். விடிந்தும் விடியாமல் எழுந்து, சமையலறைக் குடத்துத் தண்ணீரைச் சத்தமில்லாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து அதே இடத்தில் வைப்பேன். அவள் எழுந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "ஆகா, அண்ணன் தண்ணி அண்ணன் தண்ணிதான்" என்பாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம்.

இதில் இன்னொரு தொல்லை. முடி வெட்டிய அன்றிலிருந்து என் மனைவிக்கு அண்ணன் பாசம் பொங்கி வழிய ஆரம்பித்திருந்தது. மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று கட்டளை. மச்சான் வந்து உட்கார்ந்தால் ஒரு சொம்பு தண்ணீரை முன்னால் வைத்து, குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டாள். மாதக் கடைசியில் மூன்று வேளை மச்சானுக்குச் சாப்பாடு போடுவது எந்த மாப்பிள்ளைக்கும் இனிக்காது. ஆனாலும் அவர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாத்தியா மாப்பிள்ளை, இதுக்கு ஈடு உண்டா?" என்று மீசையைத் துடைக்கும்போது, அடுத்த தெருப் பம்பை நினைத்து எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

விடுமுறை நாள் வந்தது. ஷட்டர் இறங்கியது. டோப்பா ஆணியில் தொங்கியது. மச்சான் தலையில் நுரையைப் பூசிவிட்டுக் கத்தியை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றேன்.

"என்ன மாப்பிள்ளை, நுரை காயுது."

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பயமா இருக்கு."

"கத்தி உன் கையில இருக்கு, பயம் உனக்கா?"

"இன்னைக்கு வழிக்கிற முடியை நான் மேடத்துகிட்ட அனுப்பப் போறேன். தூள்தான், ஆனா உங்களோடது. பேர் சொல்ல மாட்டேன். இதுலயும் ஒண்ணுமில்லேன்னு வந்தா, செத்தாலும் பம்பைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். இருக்குன்னு வந்தா நீங்களே தெருவுக்குச் சொல்லணும்."

கண்ணாடியில் அவர் முகம் சிவந்தது. எழுந்துபோவார் என்று நினைத்தேன். நுரைத் தலையோடு எங்கே போவார்? துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அனுப்புடா," என்றார். கோபம் வந்தால்தான் எனக்கு 'டா'. "நூறு தடவை அனுப்பு. என் தண்ணி தங்கம்."

வழித்த முடியை நுரை போக அலசி, காய வைத்து, ஒரு காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பெயின்ட்டம்மா பிரித்துப் பார்த்தார்.

"இது சவரம் பண்ணின முடி. இவ்வளவு வழிச்சா மொட்டைத் தலையாத்தான் இருக்கணும். உங்க தெருவுல மொட்டை யாரும் இல்லையே?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, உதடு துடித்து, சட்டென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "சரி," என்றார் நோட்டுக்குப் பின்னாலிருந்து, "பேர் கேக்கல. வெறும் நம்பர் போட்டுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை அறிக்கையை வாங்கிக்கொண்டு நேரே பம்படிக்குப் போனேன். மச்சான் கைப்பிடிக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். இருக்க வேண்டிய அளவைவிட இருபத்திரண்டு மடங்கு என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தார். தூரிகையிலிருந்து பச்சை அவர் செருப்பில் சொட்டியது, அதைக் கவனிக்கவில்லை.

"மிஷின் தப்பு பண்ணாதா?"

"பண்ணும் மச்சான். ஆனா உங்க உள்ளங்கையைப் பாருங்க."

அவர் கையை விரித்தார். சின்னச் சின்னக் காய்ப்புகள், பட்டாணி அளவில். பம்பு அடித்து அடித்து வந்தது என்று ஒன்பது வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவை. இடது கையிலும் இருந்தன. அவர் வலது கையால்தான் பம்பு அடிப்பார்.

"என் தங்கச்சி," என்றார். "ஏழு மாசமா..."

"பதினெட்டு நாளா இல்ல," என்று குடம் மாற்றுகிற கதையைச் சொன்னேன். "நீங்களும் எங்க வீட்டுல ஆகா ஓகோன்னு குடிச்சது அடுத்த தெருத் தண்ணிதான்."

வேறு நாளாக இருந்தால் அந்தத் தூரிகையாலேயே என் முகத்துக்குப் பச்சை அடித்திருப்பார். அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில எல்லாரையும் பம்படிக்கு வரச் சொல்லு மாப்பிள்ளை," என்றார்.

மறுநாள் தெருவே திரண்டிருந்தது. பெயின்ட்டம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். தலைவர் புது மோட்டார் போடப் போகிறார் என்று ஒரு வதந்தி. மச்சான் பம்பு மேடையில் ஏறினார். எப்போதும் வணக்கத்தில் ஆரம்பிப்பவர் அன்றைக்கு அதை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். கழற்றினார்.

வெயில் அந்தத் தலையில் பட்டுப் பளிச்சென்றது.

"நான் சோதனைக்குக் குடுத்தது இந்த முடி," என்று டோப்பாவைத் தூக்கிக் காட்டினார். "இது என்னோடது இல்ல. என்னோட முடியில விஷம் இருக்கு, இருபத்திரண்டு மடங்கு. என் வழுக்கையை மறைக்கப் போய் உங்க எல்லாருக்கும் விஷத்தை ஊத்திட்டேன். இந்தத் தண்ணியை இனிமே யாரும் குடிக்காதீங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்திருந்தது.

"அண்ணா, அது டோப்பான்னு எனக்கு எட்டு வருஷமா தெரியும். நீ முடி குடுத்த அன்னைக்கே தெரியும் அது செல்லாதுன்னு. உன் மனசு நோகுமேன்னு சொல்லல. அன்னையிலிருந்து தையல்காரர்தான் மத்தியானம் மத்தியானம் அடுத்த தெருவுலயிருந்து சைக்கிள்ல எனக்குத் தண்ணி கொண்டுவர்றார். உன்னை எதுக்கு மூணு வேளையும் சாப்பிடக் கூப்பிட்டேன்னு நினைச்சே? என் கண்ணு முன்னாடி நல்ல தண்ணி குடிக்க வைக்கத்தான்."

எனக்குத் தலை சுற்றியது. "அப்ப நான் தினமும் கொட்டினது?"

"நல்ல தண்ணியைக் கொட்டிட்டு நல்ல தண்ணியை ஊத்திட்டிருந்தீங்க. உங்க திருட்டு நடையைக் கேட்டுட்டுப் படுத்துக்கிட்டே சிரிப்பேன்."

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். தோரணம் கட்டிய அதே தையல்காரர். "காலர் அளவு எடுக்கறப்ப ஒரு தடவை என் கையோட வந்துடுச்சு தலைவரே. நான் பாக்காத மாதிரி திருப்பி வெச்சுட்டேன்." இன்னொருவர் காற்றில் பறந்ததைப் பார்த்திருந்தார். இன்னொருவர் மழையில். கேட்கக் கேட்க, எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்கு அந்த ரகசியம் தெரியும். பதினோரு வீடும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு நேரத்தில், அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் மனசு நோகக் கூடாது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. தெரு வெடித்துச் சிரித்தது. மச்சானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது மூலை வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது. அவள் சத்தமாகப் பேசவில்லை.

"எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லல. அந்த ரிப்போர்ட் வந்ததுலயிருந்து என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் பால் பவுடரை இந்தத் தண்ணியிலதான் கலக்குறேன்."

பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது என்ன என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தெரிந்தவர்கள் மரியாதையாகத் தப்பித்துக்கொண்டோம், தெரியாதவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பித்தவர்களில் முதல் ஆள் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

மச்சான் மேடையிலிருந்து இறங்கி அவள் முன்னால் போய் நின்றார். இரண்டு குழந்தைகளில் ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மறு கையில் இருந்த டோப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அதைப் பம்பின் தலையில் கவிழ்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "இனிமே இதை எவன் அடிக்கிறான்னு பாக்கறேன்," என்றார். பெயின்ட்டம்மா சிவப்பு டப்பாவைத் திறந்து அப்படியே வைத்துவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு ஒரு வாரம் பம்பு அந்த முடியோடுதான் நின்றது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே எல்லோரும் குடமும் கேனுமாக அடுத்த தெருவுக்குக் கிளம்பினோம். முன்னால் மச்சான், தோளில் குழந்தை, கையில் மூலை வீட்டுக் குடம். அந்தத் தெருக்காரர்கள் வழிமறிப்பார்கள் என்று பயந்தோம். அவர்களில் ஒருவர் மச்சானை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம், "யாருங்க இவரு, உங்க தெருவுக்குப் புதுசா? அந்த முடிக்காரரைவிட நல்ல மாதிரியா இருக்காரே" என்றார். பல வருஷத்துப் பகை அந்த இடத்திலேயே முடிந்தது.

இரட்டையரை மருத்துவரிடம் காட்டினோம். நல்ல வேளையாகச் சீக்கிரம் நிறுத்தினீர்கள், அடிக்கடி காட்டிக்கொண்டிருங்கள் என்றார். மச்சானுக்கும் தையல்காரருக்கும் தோலுக்கு வைத்தியம் நடக்கிறது. மச்சான் இப்போது என் கடைக்கு ஷட்டர் திறந்திருக்கும்போதே வருகிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து. வழித்த தூளை அவரே மடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். இருபத்திரண்டு மடங்கு பதினான்காகி, எட்டாகி, மூன்றாகியிருக்கிறது. ஒவ்வொரு அறிக்கையையும் என் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் போகிறார். என் சோப்பைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் எனக்குப் பெண் பிறந்தாள். தலை நிறைய முடி. பெயின்ட்டம்மா கேட்டதால் என் கையாலேயே ஒரு சிட்டிகை வெட்டிக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ஜாக்கிரதையாக நான் கத்தரி பிடித்ததில்லை. அறிக்கைக்காகக் காத்திருந்த பத்து நாளும் நானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பேசிக்கொண்டோம்.

பெயின்ட்டம்மா அறிக்கையை நேரிலேயே கொண்டுவந்தார். கடையில் இடமில்லாமல் தெருவே நின்றது. மச்சான் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை கண்ணாடியில் மின்னியது.

"கொஞ்சம் இருக்கு. ஆனா எல்லைக்கு உள்ளதான் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் பெயின்ட்டம்மா. என் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் அழுதுவிட்டேன். பெயின்ட்டம்மா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, மச்சானை உற்றுப் பார்த்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் தலைவரே. இது அசல் முடிதானே?"

"இழுத்துப் பாருங்க மேடம்," என்றார் மச்சான்.

பெயின்ட்டம்மா குழந்தையின் முடியை இரண்டு விரலால் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். என் மகள் வீறிட்டாள். அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். மச்சான் அவளைத் தூக்கித் தன் வழுக்கைத் தலையோடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியக் கத்தினார்: "கேட்டீங்களா? சொந்த முடி! சொந்த முடி!"